ரூஸ்வெல்ட்டின் மூன்று ரிவால்வர்கள்: எது, யார் கையில், எப்படி?

கீழவாசல்

தியோடர் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராக ஆவதற்கு முன்னால் வாங்கிய, அல்லது அவருக்கு வந்து சேர்ந்த ரிவால்வர்களில் மூன்று இன்றைக்கும் தடம் தெரிகிற நிலையில் இருக்கின்றன. மூன்றும் மூன்று விதமான வாழ்க்கை வாழ்ந்திருக்கின்றன. அதனால்தான் இந்த இழை.

ஒன்று, 1883-இல் கோல்ட் தொழிற்சாலையிலிருந்து வந்த சிங்கிள் ஆக்‌ஷன். ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுத்துச் சுட வேண்டிய வகை. நியூயார்க்கில் நிம்ஷ்கே என்பவர் உடம்பு முழுக்கச் செதுக்கியது. தந்தக் கைப்பிடி. இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் ஆட்ரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டு, கோல்ட் 1892 மாடல், .38 காலிபர். படைக்கு வாங்கிய சாதாரணத் துப்பாக்கி. பூ வேலை எதுவும் கிடையாது, இரண்டு வரி எழுத்து மட்டும். 1898-இல் ஹவானா துறைமுகத்தில் மூழ்கிய மெய்ன் என்கிற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து எடுத்தது. அதே வருடம் ஸ்பெயினோடு நடந்த போரில், கியூபாவில் ரூஸ்வெல்ட் கையில் இருந்தது இதுதான். 1990-இல் திருடு போய் 2006-இல் திரும்பி வந்தது.

மூன்று, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நியூ மாடல் நம்பர் 3. தொழிற்சாலையிலேயே செதுக்கியது. 2022 டிசம்பரில் ராக் ஐலண்ட் ஏலத்தில் 9,10,625 டாலருக்குப் போனது.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் நீங்கள் எதை எடுப்பீர்கள், ஏன்? என் ஓட்டு இரண்டாவதுக்கு. காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள்.

உளிக்காரன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முதலாவதுதான்.

லூயி டேனியல் நிம்ஷ்கே ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் பட்டறை வைத்திருந்தவர். 1904-இல் இறந்தார். கோல்ட், வின்செஸ்டர், ரெமிங்டன் என்று எந்தக் கம்பெனித் துப்பாக்கி வந்தாலும் அவர் உளி பட்டால் இலைக்கொடியாகப் படரும். கொடிகளுக்கு நடுவே வெறும் இரும்பை விடமாட்டார், பொடிப்பொடியாகப் புள்ளி குத்தி நிரப்புவார். தூரத்திலிருந்து பார்த்தால் பின்புலம் கறுத்து, கொடி மட்டும் மேலே எழும்பி நிற்கிற மாதிரி தெரியும். அந்தப் புள்ளியில்தான் ஆள் தெரியும். நானும் கவசத்துக்கும் கேடயத்துக்கும் செதுக்கு வேலை பார்க்கிறவன்தான். கொடி இழுப்பது பழக்கத்தில் வந்துவிடும். புள்ளி ஒரே ஆழத்தில் விழ வேண்டுமென்றால் மணிக்கட்டு மாதக்கணக்கில் பழக வேண்டும், கண்ணும் நன்றாக இருக்க வேண்டும்.

ரூஸ்வெல்ட் துப்பாக்கியின் தந்தப் பிடியில் ஒரு பக்கம் எருமைத்தலை, இன்னொரு பக்கம் அவர் பெயரின் முதலெழுத்துகள் பின்னிய முத்திரை. அந்த வருடம் செப்டம்பரில்தான் அவர் முதன்முதலாக டகோட்டா போய்க் காட்டெருமை வேட்டையாடினார். 24 வயது நியூயார்க் பணக்காரப் பையனுக்கு மேற்கத்திக் கௌபாய் ஆகிவிட்டோம் என்கிற குஷி எவ்வளவு இருந்திருக்கும் என்பதற்கு அந்த எருமைத்தலையே சாட்சி.

ஆறாவது குண்டு

அழகு என்றால் முதலாவதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கருவியாகப் பார்த்தால் இரண்டாவது சுவாரசியம்.

கோல்ட் 1889-இல்தான் குண்டு போடுகிற உருளை பக்கவாட்டில் வெளியே விரிகிற ரிவால்வரைக் கொண்டுவந்தது. 1892 மாடல் அதன் அடுத்த படி. உருளையை விரித்து, ஆறு காலிக் கூடுகளையும் ஒரே தள்ளில் வெளியே தள்ளிவிடலாம். பழைய சிங்கிள் ஆக்‌ஷனில் ஒவ்வொன்றாகக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். சண்டையில் இது பெரிய வித்தியாசம்.

இன்னொரு வேடிக்கை: இந்த மாடலில் உருளை இடப்பக்கமாகச் சுற்றும், அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். உருளை வெளியே விரிவதும் இடப்பக்கம்தான். அதாவது ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் உருளை தன் இருப்பிடத்தை விட்டு வெளியே தள்ளிக்கொள்ளப் பார்க்கும். தேய்ந்த துப்பாக்கியில் உருளை ஆடும். பின்னால் வந்த பெரிய மாடல்களில் கோல்ட் திசையை மாற்றிவிட்டது.

.38 குண்டுக்கும் நல்ல பெயர் இல்லை. பிலிப்பைன்ஸ் சண்டைகளில் இது போதவில்லை என்று சிப்பாய்கள் புலம்பிய பிறகுதான் ராணுவம் பெரிய .45 குண்டுக்குத் திரும்பியது.

சந்தேகி

எல்லாம் சரி. ஆனால் இரண்டாவது துப்பாக்கி விஷயத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது? ஒரு பக்கம் “மூழ்கிய போர்க்கப்பல் மெய்னிலிருந்து” என்ற பொருளில் ஒரு வரி. இன்னொரு பக்கம் 1898 ஜூலை 1, சான் ஹுவான், கர்னல் தியோடர் ரூஸ்வெல்ட் ஏந்திப் பயன்படுத்தியது என்ற பொருளில் இன்னொரு வரி. “பயன்படுத்தியது” என்று இறந்தகாலத்தில் இருக்கிறது பாருங்கள். சான் ஹுவான் மலைச் சண்டை முடிந்து வந்த பிறகு வெட்டிய எழுத்து. எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டுகிற மாதிரி எந்தத் துப்பாக்கியிலும் யார் பேரையும் எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். குடம் யாருடையது என்பதை வெட்டின எழுத்து மட்டும் தீர்மானித்துவிடுமா?

ஏலச் சந்தையில் கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸ் துப்பாக்கி என்று சொல்லி வந்ததையெல்லாம் சேர்த்தால் அந்த ஆளுக்குப் பத்துக் கை இருந்திருக்க வேண்டும்.

கீழவாசல்

நல்ல கேள்வி. என் ஓட்டுக்கான காரணமும் இதற்குள்தான் இருக்கிறது.

எழுத்தைத் தனியாக எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இந்தத் துப்பாக்கிக்கு எழுத்துக்கு வெளியிலும் சாட்சி இருக்கிறது. ரூஸ்வெல்ட் 1899-இல் தன் படைப்பிரிவைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதில், அகழியிலிருந்து குதித்து எழுந்த இரண்டு ஸ்பானிய வீரர்கள் பத்து கஜத்துக்கும் குறைவான தூரத்திலிருந்து சுட்டார்கள், தானும் இரண்டு முறை சுட்டதில் ஒருவன் தப்பினான், ஒருவன் விழுந்தான் என்று சொல்லிவிட்டு, அந்த ரிவால்வர் மெய்ன் கப்பலிலிருந்து வந்தது, தன் சகோதரியின் கணவர் கேப்டன் கௌல்ஸ் கொடுத்தது என்று அங்கேயே எழுதிவைத்திருக்கிறார். சண்டை நடந்து ஒரு வருடத்துக்குள். விற்கிற உத்தேசமும் அவருக்குக் கிடையாது.

கௌல்ஸ் யார்? கடற்படை அதிகாரி. ரூஸ்வெல்ட்டின் அக்கா அன்னாவை 1895-இல் லண்டனில் கல்யாணம் செய்துகொண்டவர். மெய்ன் வெடித்த பிறகு ஹவானாவுக்கு அனுப்பிய ஃபெர்ன் கப்பலின் தலைவர் அவர். கப்பல் சிதைவிலிருந்து வந்த பொருள் அவர் கைக்குப் போக வழி இருந்தது. அக்கா வீட்டுக்காரர் மச்சானுக்குக் கொடுத்தார். அந்த மச்சானோ அப்போது கடற்படைத் துணைச் செயலாளர். பிறகு பதவியை விட்டுவிட்டுப் போருக்குக் கிளம்பியவர்.

அதன் பிறகு துப்பாக்கி ரூஸ்வெல்ட்டின் சேகமோர் ஹில் வீட்டிலேயே இருந்தது. ரூஸ்வெல்ட் 1919 ஜனவரியில் அங்கேயே இறந்தார். 1953-இல் வீடு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது, 1960களில் தேசியப் பூங்காத் துறை பொறுப்பேற்றது. கப்பல், கடற்படை அதிகாரி, மச்சான், வீடு, அரசு என்று ஐந்தே படி. நடுவில் ஒரு வியாபாரிகூட இல்லை. கைமாறும்போது காசு புழங்காத இடத்தில் பொய் சொல்ல வேண்டிய அவசியம் குறைவு.

லாங் ஐலண்ட் அண்ணாச்சி

ஐந்து படி என்று சொல்லிவிட்டு ஆறாவது படியை விட்டுவிட்டீர்களே! திருடன் அலமாரி.

நான் இருக்கிற இடத்திலிருந்து சேகமோர் ஹில் காரில் பக்கம்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போவேன். 1885-இல் கட்டிமுடித்த வீடு. பின்னால் சேர்த்த வடக்கு அறைக்குள் நுழைந்தால் நாலு பக்கமும் கொம்பும் தலையும் தோலும்தான். என் மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரமாட்டேன் என்று.

திருடு போன சமயத்தில் ரிவால்வர் இருந்தது அந்த வீட்டுக்குள் இல்லை. அதே வளாகத்தில் ஓல்ட் ஆர்ச்சர்ட் என்று இன்னொரு கட்டிடம் இருக்கிறது, ரூஸ்வெல்ட்டின் மூத்த மகன் 1930களில் கட்டியது. இப்போது அருங்காட்சியகம். அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. 1990 ஏப்ரலில் காணாமல் போனது. அதற்கு முன்னாலேயே 1963-இல் ஒரு தடவை திருடு போயிருக்கிறது. அந்தத் திருடன் பயந்தவன் போல, பக்கத்துப் புதரிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டான்.

1990-இல் எடுத்த ஆள் அப்படி இல்லை. பதினாறு வருடம் சத்தமே இல்லை. எஃப்.பி.ஐ. தேடியது, பூங்காத் துறை தேடியது. கடைசியில் ஃபுளோரிடாவில் ஒருவர் வீட்டில், ஒரு பழைய ஸ்வெட் ஷர்ட்டில் சுற்றி வைத்திருந்தது என்று தெரியவந்தது. 2006 ஜூன் 14 அன்று சேகமோர் ஹில்லிலேயே விழா வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வழக்காடி

அந்த வழக்கில் எனக்குப் பிடித்த பகுதி சட்டம்தான்.

எடுத்தவர் மேல் சுமத்திய குற்றம் 1906-ஆம் வருடத்து அமெரிக்கத் தொல்பொருள் சட்டத்தின் கீழ். அரசு நிலத்தில் இருக்கிற வரலாற்றுப் பொருளை எடுக்கக் கூடாது என்கிற சட்டம். 1906 ஜூன் 8 அன்று அதில் கையெழுத்துப் போட்ட அதிபர் யார்? தியோடர் ரூஸ்வெல்ட்! தன் துப்பாக்கியைத் திருடுகிறவனுக்கான சட்டத்தைத் தானே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆனால் தண்டனையைப் பாருங்கள். 1906-இல் போட்ட அதே உச்சவரம்பு: 90 நாள் சிறை, அபராதம் 500 டாலர். தென்மேற்கில் பழங்குடியினரின் பழைய இடிபாடுகளில் பானை தோண்டுகிறவர்களை மனதில் வைத்துப் போட்ட தொகை. நூறு வருடத்தில் டாலர் எங்கேயோ போய்விட்டது, சட்டத்தில் இருந்த 500 அப்படியே நின்றது. பல லட்சம் டாலர் பெறும் என்று சொன்ன பொருளுக்கு இதுதான். அந்த நபர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

உடைமை விஷயத்தில் ஒரு வார்த்தை. திருட்டுப் பொருளை விற்றால் வாங்கியவருக்கு உரிமை வராது. ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நாடுகளில் எல்லாம் இதுதான் அடிப்படை, நம் ஊர்ச் சரக்கு விற்பனைச் சட்டத்திலும் இதே கதைதான். தன்னிடம் இல்லாததை யாரும் கொடுக்க முடியாது. எனவே அந்த ரிவால்வர் பதினாறு வருடத்தில் பத்துக் கை மாறியிருந்தாலும் சொந்தக்காரர் அமெரிக்க அரசுதான். அண்ணாச்சி சொன்ன ஆறாவது படி சட்டப்படி படியே இல்லை.

சந்தேகி

சட்டப்படி இல்லை, சரி. ஆனால் சேகரிப்பாளர் கண்ணோட்டத்தில் அது பதினாறு வருட ஓட்டை. திரும்பி வந்தது அதே துப்பாக்கிதான் என்று எப்படி?

ஆறாவது குண்டு

தொடரெண். திருடு போவதற்கு முன்னாலேயே அருங்காட்சியகப் பதிவேட்டில் ஏறியிருந்த எண். துப்பாக்கிக்கும் ஓவியத்துக்கும் இதுதான் வித்தியாசம், துப்பாக்கி பிறக்கும்போதே எண்ணோடு பிறக்கிறது. கோல்ட் கம்பெனியின் பழைய அனுப்புகைப் பேரேடுகள் இன்னும் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் இந்தத் துப்பாக்கி எந்தத் தேதியில், எந்தக் கடைக்கு, என்ன குழல் நீளத்தில், என்ன முலாமோடு போனது என்று ஆவணக்காப்பகத்திலிருந்து கடிதம் வரும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிலும் இதே வழக்கம் உண்டு. சேகரிப்பாளர்கள் நடுவில் துப்பாக்கியைக் காட்டினால் முதல் கேள்வியே “கடிதம் இருக்கிறதா?” என்பதுதான்.

வைகைக்கரை

கொஞ்சம் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். செதுக்கு வேலை, தொடரெண், ஏலத்தொகை என்று எல்லாம் பேசுகிறோம். அந்த இரண்டாவது துப்பாக்கியால் விழுந்த மனிதனுக்குப் பெயர் கூடக் கிடையாது. இரும்பில் சுட்டவர் பெயர் வெட்டியிருக்கிறது.

இன்னொன்று. மெய்ன் வெடித்ததில் 260-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது ஸ்பெயின் வைத்த கண்ணிவெடி என்று நம்பிப் போருக்குப் போனார்கள். 1976-இல் அட்மிரல் ரிக்கோவர் தலைமையில் ஆராய்ந்தவர்கள் கப்பலுக்குள்ளேயே நிலக்கரிக் கிடங்கில் பற்றிய நெருப்புதான் பெரும்பாலும் காரணம் என்றார்கள். அப்படியென்றால் அந்தத் துப்பாக்கியில் வெட்டியிருக்கிற முதல் வரி எதற்கு நினைவுச்சின்னம்?

அதே மலைமேல் அன்றைக்கு ஒன்பதாவது, பத்தாவது குதிரைப்படைகளைச் சேர்ந்த கறுப்பின வீரர்களும் ஏறினார்கள். பள்ளிப் படங்களில் ரூஸ்வெல்ட் மட்டும்தான் ஏறுவார்.

கீழவாசல்

குறுக்கே வரவில்லை, நேராகத்தான் வந்திருக்கிறீர்கள். நான் இரண்டாவதைத் தேர்ந்ததற்கு இதுவும் காரணம். செதுக்கிய துப்பாக்கி ஓர் ஆள் தன்னை எப்படிப் பார்க்க ஆசைப்பட்டான் என்று மட்டும் சொல்லும். மெய்ன் துப்பாக்கி அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது, பெருமையும் அசிங்கமும் ஒன்றாக. ரூஸ்வெல்ட்டுக்கு அந்த ஜூலை 1 எவ்வளவு முக்கியம் என்றால், அதற்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் வேண்டும் என்று கேட்டு, கிடைக்காமலே செத்தார். 2001 ஜனவரியில்தான் கிளின்டன் கொடுத்தார்.

கறுப்பின வீரர்கள் பேச்சு வந்ததால் மூன்றாவது துப்பாக்கிக்குப் போவோம். இதுவரை யாரும் அதைத் தொடவே இல்லை.

அந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது 1898 மே 12. ரூஸ்வெல்ட் போருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அதே நாட்கள். ராணுவம் பயன்படுத்திய அதே .38 குண்டு போகிற மாதிரி செய்தது. அதாவது போருக்கென்றே வாங்கியது போலத்தான் தெரிகிறது. ஆனால் மலைமேல் கையில் இருந்தது மெய்ன் துப்பாக்கி. விலை கொடுத்து வாங்கிய பூ வேலை ரிவால்வர், பிற்காலத்தில் படுக்கைப் பக்கத்து மேசையில் வீட்டுக் காவலுக்கு இருந்ததாகச் சொல்கிறார்கள்.

அவருக்குப் பிறகு அது போனது ஜேம்ஸ் ஏமஸுக்கு. வெள்ளை மாளிகைக் காலத்திலிருந்து கூடவே இருந்த உதவியாளர், மெய்க்காவலரும்கூட, கறுப்பினத்தவர். ரூஸ்வெல்ட் இறந்த இரவில் அறையில் இருந்தவர் அவர். விளக்கை அணைத்துவிடு ஜேம்ஸ் என்று சொன்னதுதான் ரூஸ்வெல்ட்டின் கடைசிப் பேச்சு. ஏமஸ் 1921-இல் புலனாய்வுத் துறையில் சேர்ந்தார், அதுதான் பின்னால் எஃப்.பி.ஐ. ஆனது. அந்தக் காலத்தில் அங்கே இருந்த மிகச் சில கறுப்பின முகவர்களில் ஒருவர்.

லாங் ஐலண்ட் அண்ணாச்சி

அட! ஒரு துப்பாக்கி எஃப்.பி.ஐ. ஆளுக்குப் போயிருக்கிறது, இன்னொன்றை எஃப்.பி.ஐ. கண்டுபிடித்துக் கொண்டுவந்திருக்கிறது. 

உளிக்காரன்

எல்லாரும் கதையையே பேசுகிறீர்கள். வேலைப்பாட்டுக்கு மதிப்பே இல்லையா? சாமுவேல் கோல்ட் 1854 வாக்கில் ரஷ்ய ஜார் முதலாம் நிக்கோலஸுக்கும் உஸ்மானியச் சுல்தான் அப்துல் மஜீதுக்கும் ஜோடியான டிராகூன் ரிவால்வர்களைக் கொடுத்தார். இரும்பில் தங்கம் பதித்து, ஜார்ஜ் வாஷிங்டன் உருவம் வைத்து, கஸ்டவ் யங் என்கிற செதுக்கு வேலைக்காரர் பார்த்த வேலை. ஒன்று இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், இன்னொன்று ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில். அந்தச் சமயம் இரண்டு ராஜாக்களுக்கும் நடுவில் கிரீமியப் போர் நடந்துகொண்டிருந்தது! வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும். அந்த ஜோடியால் யாரும் யாரையும் சுடவில்லை. ஆனாலும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வேலைக்காக.

சந்தேகி

வேலைக்கு மதிப்பு உண்டு. ஆனால் சந்தையில் அதிகப் பணம் எதற்குப் போனது தெரியுமா? பில்லி த கிட் என்கிற கொள்ளைக்காரனைக் கொன்ற ஷெரீப் பாட் காரெட்டின் கோல்ட். செதுக்கல் கிடையாது, சாதாரணச் சிங்கிள் ஆக்‌ஷன். 2021 ஆகஸ்டில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல்.

அதன் கைமாறிய கதையில் எனக்குப் பிடித்த இடம், துப்பாக்கியை எல் பாசோவில் ஒரு மதுக்கடைக்காரரிடம் காட்சிக்குக் கொடுத்துவைத்திருந்தார் காரெட். 1908-இல் அவரையே யாரோ சுட்டுக்கொன்றார்கள். கடைக்காரரும் இறந்த பிறகு, காரெட்டின் மனைவி அபொலினாரியா அது எங்களுடையது என்று வழக்குப் போட்டு வாங்கினார். பாருங்கள், விதவை போட்ட அந்த வழக்கால் துப்பாக்கி யாருடையது, எப்படிக் கடைக்குப் போனது என்று நீதிமன்றத்திலேயே பதிவாகிவிட்டது. எந்தச் செதுக்குக்காரனும் அப்படி ஒரு சாட்சியை இரும்பில் வெட்ட முடியாது.

வழக்காடி

வழக்குப் போட்டால் லாபம் வக்கீலுக்கு மட்டும் என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

உளிக்காரன்

சரி, காகிதம்தான் முக்கியம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் காகிதம் பொய் சொன்னால் அதைப் பிடிப்பதும் செதுக்கு வேலைதான். பழைய சாதாரணத் துப்பாக்கியை வாங்கி, புதிதாகச் செதுக்கி, பெரிய விலைக்குத் தள்ளுகிற கூட்டம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. நான் பார்க்கிற இடங்களைச் சொல்கிறேன்.

துருக்குழி. உண்மையிலேயே பழைய வேலை என்றால் துரு செதுக்கலின் மேல் ஏறியிருக்கும். பின்னால் வெட்டியது என்றால் கோடு துருக்குழியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். பூதக்கண்ணாடியில் இரண்டே நிமிடத்தில் தெரியும்.

தேய்மானம். கைப்பிடிக்கு மேலே, விசை வளையத்தில், உறையிலிருந்து உருவும்போது உரசுகிற குழல் நுனியில் இரும்பு வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். அங்கே கொடி மட்டும் நேற்று வெட்டியது போலக் கூர்மையாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். முலாம் கோட்டின் அடி ஆழத்துக்குள்ளும் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் செதுக்கிவிட்டுத்தான் முலாம் பூசுவார்கள்.

அப்புறம் சட்டகம். சிங்கிள் ஆக்‌ஷனின் சட்டகத்தைக் கரியில் சுட்டு மேல்தோலைக் கடினமாக்குவார்கள். கடினமான பின் உளி சரியாக இறங்காது, வழுக்கும், ஓரம் பொடியும். அதனால் ஒழுங்கான பட்டறையில் சட்டகத்தை முதலில் இளக்கிவிட்டுத்தான் கைவைப்பார்கள். அவசரத்தில் வெட்டியவன் வேலை ஆழமில்லாமல் கீறல் மாதிரி கிடக்கும்.

நிம்ஷ்கே விஷயத்தில் நமக்கு இன்னொரு கொடுப்பினை. அவர் ஒவ்வொரு வேலையையும் முடித்ததும் கோடுகளில் மை தேய்த்து, மேலே மெல்லிய தாளை வைத்து அழுத்தி ஒரு பிரதி எடுத்துக்கொள்வார். அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகள் ஒட்டிய அவருடைய பதிவுப் புத்தகம் தப்பிப் பிழைத்திருக்கிறது. சந்தேகம் வந்தால் துப்பாக்கியையும் அச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து நானும் என் வேலைகளுக்குப் பிரதி எடுத்து வைக்கிறேன். பொண்டாட்டி சிரிக்கிறாள்.

ஆறாவது குண்டு

அருமையான பதிவு, அண்ணே. ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்கச் சட்டத்தில் 1898-ஆம் வருடமோ அதற்கு முன்னாலோ செய்த துப்பாக்கி “பழம்பொருள்” கணக்கில் வரும், வாங்க விற்கக் கெடுபிடி குறைவு. மூன்றும் அந்தக் கோட்டுக்குள் வந்துவிடுகின்றன. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஏழே மாதத்தில் தப்பியது. தந்தப் பிடி இருந்தால் அது தனித் தலைவலி, 2016-க்குப் பிறகு அங்கேயும் நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்று நிரூபிக்க வேண்டும்.

மைதிலி

இந்த இழையை முழுக்கப் படித்தேன். எனக்கு ஒரு நடைமுறைக் கேள்வி. தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அவருடைய .32 வெப்லி ரிவால்வர் சித்தப்பா வீட்டு பீரோவில் இருக்கிறது. சித்தப்பாவுக்குத்தான் லைசன்ஸ் இருந்தது, போன மாதம் தவறிவிட்டார். குழலில் தாத்தா பெயர் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. சித்தி அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஷோகேஸில் வைக்கலாமா என்கிறார். நூறு வருடம் இருக்கும், பழம்பொருள்தானே?

வழக்காடி

முதலில் வருத்தங்கள், அம்மா. இரண்டாவது, ஷோகேஸ் வேண்டாம்!

அமெரிக்காவில் வருடத்தை வைத்துச் சொல்கிற விலக்கு இங்கே கிடையாது. நம் ஆயுதச் சட்டம் 1959-இல் பழங்கால ஆயுதத்துக்கு விலக்கு உண்டுதான், ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும். வெப்லி நன்றாக எண்ணெய் போட்டால் இன்றைக்கும் சுடும். லைசன்ஸ் வைத்திருந்தவர் போய்விட்டால் வீட்டில் அது இருப்பதே குற்றம் ஆகிவிடும். சித்தியைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். காவல் நிலையத்திலோ உரிமம் உள்ள துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்து, எண் போட்ட ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு முறையில் யாராவது விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓர் ஆளுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது, பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் அடக்கம்.

உளிக்காரன்

தேய்க்கவே கூடாது, மேடம். பிராஸ்ஸோ, எலுமிச்சை, சாம்பல் எதுவும் வேண்டாம். அந்தப் பெயர் எழுத்தின் ஓரம் மழுங்கினால் பழைய வேலை என்று காட்ட ஒன்றும் மிஞ்சாது. ஒப்படைக்கும் முன் எழுத்தைச் சாய்வான வெளிச்சத்தில் நெருக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தொடரெண்ணையும்.

கீழவாசல்

லைசன்ஸ் புத்தகங்களைத் தேடுங்கள். சித்தப்பாவுடையது மட்டும் இல்லை, தாத்தாவுடையதும். வாங்கிய கடை, எண், புதுப்பித்த தேதிகள், எந்த அலுவலகத்து முத்திரை, யார் பெயருக்கு மாறியது எல்லாம் அதில் இருக்கும். ரூஸ்வெல்ட் துப்பாக்கிக்குக்கூட வருடா வருடம் அரசாங்க முத்திரை குத்திய புத்தகம் கிடையாது.

மைதிலி

நன்றி. சித்தியிடம் இப்போதுதான் போனில் பேசினேன். பிராஸ்ஸோவை வெளியே எடுத்துவிட்டாராம், நல்லவேளை துணி தேடிக்கொண்டிருந்தார். தாத்தாவின் புத்தகம் ரேஷன் கார்டுகளோடு ஒரே கட்டில் இருக்கிறது, சித்தப்பா பெயருக்கு மாற்றிய பக்கமும் இருக்கிறது. திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகிறோம். ரசீதில் தொடரெண்ணோடு வெட்டியிருக்கிற பெயரையும் எழுதச் சொல்லிக் கேட்கலாமா, வழக்காடி சார்?

வழக்காடி

தாராளமாகக் கேளுங்கள். எழுத மறுத்தால் ஒப்படைக்கிற கடிதத்திலேயே நீங்கள் விவரத்தை எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். குண்டுகள் இருந்தால் எண்ணி அதையும் சேர்த்து எழுதுங்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான்.